சமையலறை ஃபாயிலில் புடைப்பு அட்டைகள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடியில் எங்கள் மாமனாரின் மணிவிழா 2019இல் நடந்தபோது, தாம்பூலப் பையில் வைத்துக் கொடுப்பதற்கான நன்றி அட்டைகளை அச்சகத்தில் கொடுக்காமல் நானே கையால் செய்து தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். வெள்ளித் தகட்டில் செய்தது போன்ற தோற்றம் வேண்டும், செலவோ அட்டை ஒன்றுக்கு ஐந்து ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது வீட்டாரின் நிபந்தனை. அதற்கு ஈடுகொடுத்த ஒரே பொருள், பிள்ளைகளுக்குச் சப்பாத்தி சுற்றிக் கொடுக்கும் அலுமினிய ஃபாயில்தான். எங்கள் வீட்டில் இன்றும் அதைச் சில்வர் பேப்பர் என்றே சொல்கிறார்கள். அன்று தொடங்கித் திருமணம், திருவாதிரைப் புதுமை என்னும் எங்கள் பக்கத்துச் சடங்கு, புதுமனை புகுவிழா, பொங்கல் வாழ்த்து என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இதையே, எழுத்தும் கோலமும் மேடாக எழும்பும்படி புடைத்து, பயன்படுத்தி வருகிறேன். கெட்டுப்போன அட்டைகளை எறியாமல் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். இதை அந்த டின்னைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான ஃபாயில் பெரும்பாலும் 9 முதல் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை தடிமன் கொண்டது. 11 மைக்ரான் தாள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம்தான் எடை வரும். ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத்தாளே 70, 80 கிராம் இருக்கும் என்பதை நினைத்தால், எவ்வளவு மெல்லிய பொருளில் கை வைக்கிறோம் என்பது விளங்கும். 9 மீட்டர் நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒரு சுருளில் 10க்கு 14 செ.மீ. அளவுத் துண்டுகள் கணக்குப்படி 192 வர வேண்டும். கிழிந்ததும் கசங்கியதும் போக எனக்கு 150 வரை தேறுகிறது. 9, 11 மைக்ரான் தாள்களில் நுண்ணிய கோடுகள் நன்றாக விழும், ஆனால் முனை சற்று அழுந்தினாலும் ஓட்டை விழுந்துவிடும். 18 மைக்ரான் தாள் விலை கூடுதலானாலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பதற்குப் பூச்சு எதுவும் காரணம் இல்லை. தாள் மிகவும் மெலிந்துவிடும் கடைசிச் சுற்றில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருளைகளுக்கு இடையே விடுகிறார்கள். மெருகேற்றிய உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கிறது, இரண்டு தாள்களும் ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகையின் மேல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது, அந்தக் கல்லின் மினுமினுப்பும் கண்ணாடி கொடுத்ததே. புடைப்பு வேலைக்கு மங்கலான பக்கத்தை மேலே வைப்பதே என் வழக்கம். பளபளப்பான பக்கத்தில் நகம் பட்ட கீறல்கூடத் தெரியும்; விளக்கொளியில் படம் எடுத்தால் கோலத்துக்குப் பதிலாக விளக்குதான் விழும்.

கருவிகளுக்கென்று நான் பணம் செலவழிக்கவில்லை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, முனை மழுங்கிய பின்னல் ஊசி, காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகிய மூன்றும் போதும். அடியில் விரிக்கும் பொருளில்தான் கவனம் வேண்டும். கண்ணாடி மேசையில் வைத்து வரைந்தால் கோடு விழாது, தாள் கிழியும். தலையணை போன்ற மென்மையில் வைத்தால் கோடு பரந்து குழியாகிவிடும். பத்துப் பன்னிரண்டு மடிப்புச் செய்தித்தாளோ, கணினிக்கு வைக்கும் மௌஸ் பேடோ சரியான பதத்தில் இருக்கும்.

பின்பக்கத்திலிருந்து அழுத்தினால்தான் முன்பக்கம் புடைக்கும் என்பது தெரிந்திருந்தும், எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும் என்பது முதல் நாள் எனக்கு உறைக்கவில்லை. 'நன்றி' என்று பன்னிரண்டு அட்டைகளில் ஒழுங்காக எழுதித் திருப்பிப் பார்த்தபோது, றகரம் வடக்கே பார்க்க வேண்டியது தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது பட்டர் பேப்பரில் எழுதி, அதைக் கவிழ்த்து வைத்து, அதன் மேலேயே வரைகிறேன். தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம் என்பதால் எழுத்தின் உயரம் ஒன்றரை செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். ணகரத்தின் சுழிகள் நெருங்கினால் நடுவில் இருக்கும் தாள் முழுவதும் எழும்பி, எழுத்து ஒரு கொப்புளம் போலாகிவிடும்.

எழுத்துக்கும் கோலத்துக்கும் அதைவிட நல்ல வழி நூலை அடியில் வைப்பது. எங்கள் பக்கத்தில் விசேஷங்களுக்கு அரிசி மாவை அரைத்து இடும் நடுவீட்டுக் கோலத்தை அட்டையில் கொண்டுவர விரும்பினேன். பேனாவால் எவ்வளவு முயன்றும் நேர்கோடுகள் சீராக வரவில்லை. பிறகு கெட்டியான அட்டையில் பென்சிலால் கோலத்தை வரைந்து, கோட்டின் மேல் வெள்ளைப் பசையை மெல்லிய இழையாக விட்டு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள முறுக்கிய பருத்தி நூலை அதன் மேல் படிய வைத்தேன். நூல் காய்ந்த பின் அட்டை முழுவதும் பசை தடவி ஃபாயிலைப் போர்த்தி, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி ஒற்றி அழுத்த வேண்டும். தொடக்கத்தில் எதுவும் தெரியாது. பஞ்சுக்குச்சியை நூலின் இருபுறமும் ஓட்டியவுடன் கோலம் ஒவ்வொரு கோடாக எழும்பி வரும். நூலின் முறுக்குகூட வெள்ளிக் கம்பியில் இழைத்தது போலத் தெரியும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஃபாயில் ரப்பரைப் போல நீளாது, நீட்டினால் நூலின் அடிவாரத்தில் மயிரிழை அளவுக்கு வெடித்துவிடும். ஆகவே தாளை நான்கு பக்கமும் இரண்டு செ.மீ. கூடுதலாக வெட்டி, உள்ளங்கைக்குள் இலேசாகக் கசக்கி, பிறகு பிரித்து நீவிவிட்டுப் பயன்படுத்துகிறேன். அந்த நுண்ணிய சுருக்கங்களில் இருக்கும் தளர்ச்சி நூலின் மேல் ஏறுவதற்குப் போதுமானது. மீதமுள்ள சுருக்கங்கள் பழைய வெள்ளிப் பாத்திரத்தின் தோற்றத்தைக் கொடுக்கின்றன. முதல் அட்டையைப் பார்த்த எங்கள் வீட்டு அப்பத்தா அதை வெள்ளித் தகடு என்றே நம்பினார்கள். கையில் வாங்கியதும் எடை இல்லாததால் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நூல் வைத்த அட்டைகள் நசுங்குவதில்லை. பேனாவால் புடைத்த அட்டைகள்தான் என்னை அதிகம் சோதித்தன. மணிவிழாவுக்கு முந்தைய இரவு அறுபது அட்டைகளை அடுக்கி ரிப்பன் கட்டி வைத்துவிட்டுக் காலையில் பிரித்தபோது, அடியில் இருந்த இருபதுக்கு மேற்பட்ட அட்டைகளில் அன்னப்பறவைகள் அனைத்தும் தட்டையாகியிருந்தன. அப்பத்தா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அரக்கு வைக்காத குண்டு மாதிரி உள்ள ஒண்ணுமே இல்லையே ஆத்தா, நசுங்காம என்ன செய்யும்?” என்றார்கள். பொற்கொல்லர்கள் உள்ளீடற்ற நகைக்குள் அரக்கை நிறைப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தியே. அது இந்த அற்பமான சில்வர் பேப்பருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்றிலிருந்து முன்பக்கத்துக்குச் செலவழிக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாளின் முதுகுக்குச் செலவழிக்கிறேன்.

எதை நிறைப்பது என்பதைக் கண்டுபிடிக்க ஓராண்டு ஆயிற்று. வெறும் வெள்ளைப் பசையை ஊற்றினால் காய்வதற்கு நாள்கணக்காகிறது, காய்ந்தபின் சுருங்கி மீண்டும் குழி விழுகிறது. சுவருக்குப் பூசும் வெள்ளை சிமெண்ட் பட்டி வீட்டில் மீந்திருந்ததால் அதைக் குழைத்து வைத்தேன். முதல் வாரம் கல் போல உறுதியாக இருந்தது, பிறகு முன்பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் கிளம்பி, சில இடங்களில் தாளே பொடிந்தது. சிமெண்டும் சுண்ணாம்பும் காரம் மிகுந்தவை, ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தாம்பூலப் பைக்குள் சுண்ணாம்புப் பொட்டலம் கசிந்து இரண்டு அட்டைகள் கறுத்ததற்கும் இதுவே காரணம். இப்போது அட்டையைத் தனியே ஒரு கண்ணாடிக் காகித உறையில் போட்ட பிறகே பையில் வைக்கிறேன். உணவு சுற்றி வந்த ஃபாயிலைக் கழுவிப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் சுற்றிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தியது போலத் துளைகள் தெரியும். புளிப்பும் உப்பும் செய்த வேலை அது.

இறுதியில் நிலைத்தது எளிய கலவைதான். சாக்குக்கட்டியைத் தூளாக்கிச் சலித்து, வெள்ளைப் பசையில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தாளின் அடியில் மேடு கட்டுவதும் சுண்ணத்தூளும் பசையும் சேர்ந்த கலவையில்தான். புடைத்த தாளைப் பஞ்சு மெத்தை போன்ற ஸ்பாஞ்சின் மேல் முகம் கீழாகக் கவிழ்த்து, குழிகளில் மட்டும் கலவையைத் தீக்குச்சியால் மெல்லிய அடுக்காக நிரப்பி, ஓர் இரவு காய விட்டு, மறுநாள் இன்னோர் அடுக்கு வைக்கிறேன். ஒரே தடவையில் நிரப்பினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும், ஏனெனில் உலோகத்தின் வழியாக ஈரம் வெளியேறாது. இப்படி நிரப்பிய அட்டைகளின் மேல் தடித்த அகராதியையே வைத்துப் பார்த்துவிட்டேன். அன்னத்தின் கழுத்து அசையவில்லை.

ஒட்டுவதைப் பொறுத்தவரை, நீர் கலந்த பசை 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறைவான அட்டையை அப்பளம் போல வளைத்துவிடும். 300 ஜிஎஸ்எம் அட்டை தாங்கும். இருபக்க ஒட்டு நாடா சுத்தமாக இருந்தாலும், எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் பீரோவுக்குள்ளேயே இளகி, தாள் மெல்ல வழுக்கி இறங்கிவிட்ட அட்டைகள் என் டின்னில் ஏழு இருக்கின்றன. ஓரங்களை அரை செ.மீ. பின்னால் மடித்து ஒட்டினால் கையில் கீறாது, பிரிந்தும் வராது.

வண்ணத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கறுப்பு ஷூ பாலிஷைத் தடவித் துடைத்தால் பள்ளங்களில் கறுப்பு தங்கி, மேடுகள் மட்டும் மின்னும்; பழைய வெள்ளி போன்ற தோற்றத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அது முழுமையாகக் காய்வதே இல்லை. திருமண வீட்டில் ஓர் ஆச்சியின் மாம்பழ நிறக் கண்டாங்கிச் சேலையில் என் அட்டையின் கறை பட்டதை நான் இன்னும் மறக்கவில்லை, அவர்கள் மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இப்போது கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தடவி, அரை நிமிடத்தில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் வார்னிஷ் ஸ்பிரே அடிக்கிறேன். ஸ்பிரே அடிக்காவிட்டால் அக்ரிலிக் நகம் பட்டாலே உரிந்துவரும்.

அச்சு எடுக்கும் ஆசையும் ஒரு காலத்தில் இருந்தது. முகப்பு நிலைக்கதவில் செதுக்கிய கஜலட்சுமியின் மேல் ஃபாயிலை விரித்து அழுத்தினால் அப்படியே வந்துவிடும் என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏணியில் நின்றேன். பர்மா தேக்குச் சிற்பத்தின் ஆழம் விரல் நுழையும் அளவு; யானையின் துதிக்கைக்கு வருவதற்குள் தாள் கிழிந்தது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள எதற்கும் இது உதவாது. காசு, எனாமல் தட்டின் விளிம்புப் பூ, முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடையில் வாங்கிய ஆழமில்லாத மர அச்சு ஆகியவற்றில் அழகாக வரும். அலை அலையான ஓரம் கொண்ட பழைய ஓரணாக் காசின் பதிவை வரிசையாக ஒட்டிய பொங்கல் வாழ்த்து, நான் செய்தவற்றில் அதிகம் பேர் கேட்டு வாங்கியது.

கையால் சுற்றும் எம்போசிங் இயந்திரமும் பிளாஸ்டிக் அச்சு உறைகளும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். வெறும் ஃபாயிலை உறைக்குள் வைத்தால் கீறல் விழுகிறது. குளூ ஸ்டிக்கால் சாதாரணத் தாளில் ஒட்டிய பின் விட்டால் குறையில்லாமல் வருகிறது. அவசரத்துக்கு நல்லது, அவ்வளவே.

ஆறு ஆண்டுகளில் நிறம் மாறியதா என்று பலர் கேட்கிறார்கள். காரமோ புளிப்போ படாத அட்டை எதுவும் மாறவில்லை. அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது, வெள்ளியைப் போல இது கறுப்பதில்லை. ஆனால் உறையில் போட்டு வெளியூருக்கு அனுப்பும் அட்டைகளுக்கு நான் இப்போது ஃபாயிலை எடுப்பதில்லை. சென்ற ஆண்டு அனுப்பிய பன்னிரண்டில் ஐந்து, முதுகு நிரப்பியிருந்தும், மடிந்துபோய்ச் சேர்ந்தன. அவற்றுக்குக் கைவினைக் கடைகளில் கிடைக்கும் 0.1 மி.மீ. தகட்டை வாங்கி வெட்டிக்கொள்கிறேன்; கையில் கொடுப்பவற்றுக்கு மட்டும் சமையலறைச் சுருள்.