மடிமேசை செய்து கொடுப்பதென்றால்: இலவம்பஞ்சா, ஃபோமா, தெர்மாகோல் மணியா?

பெரியம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்ததும், இனித் தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் பாய் விரித்து, நோட்டை மடியில் வைத்து 108 முறை ஸ்ரீராமஜெயம் எழுதுவது அவருடைய பல வருடப் பழக்கம். கட்டிலில் சாய்ந்தபடி எழுதிப் பார்த்தார். பரீட்சை அட்டை மடியிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. அடியில் தலையணை வைத்தால் அட்டை ஒரு பக்கமாக அமிழ்ந்தது. அவருக்காகத்தான் முதல் மடிமேசையைச் செய்தேன்: மேலே பலகை, அடியில் மெத்தை, ஓரத்தில் அவர் பெயர். அப்புறம் விடுதிக்குப் போன தங்கை மகளுக்கு ஒன்று, குறுக்கெழுத்துப் போடும் மாமாவுக்கு ஒன்று என்று இதுவரை ஏழு செய்தாயிற்று.

மடக்குக்கால் மேசை கடையிலேயே கிடைக்கிறதே என்று கேட்பார்கள். சம்மணமிட்டு உட்கார முடிகிறவருக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் கால் உயரம் மாறாது. சற்றுக் குள்ளமானவர் அதில் எழுதினால் தோள் தூக்கிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். மெத்தை வைத்த பலகை உட்காருகிறவரின் தொடைக்குத் தக்கபடி படிந்துகொள்ளும். பரிசாகக் கொடுக்க இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

அடிமெத்தைக்கு என்ன அடைப்பது என்பதில்தான் குழப்பமே. மூன்றையும் ஒரே அளவில், 45 செ.மீ. நீளம் 32 செ.மீ. அகலத்தில் தைத்துப் பார்த்திருக்கிறேன். ஏ4 நோட்டு ஒன்றை விரித்து வைத்தால் 42 செ.மீ. வருகிறது, அதற்காக இந்த அளவு. மடிக்கணினியோடு மவுஸும் வைப்பவருக்கு நீளம் 55 செ.மீ. வேண்டும்.

இலவம்பஞ்சு நமக்குப் பழகிய பொருள். போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சு என்று கேட்டு வாங்குவார்கள். இழைக்குள் வெற்றிடமாக இருப்பதால் எடை இல்லை. மேலே மெழுகுப் பூச்சுப்போல ஒன்று இருப்பதால் பருத்தி மாதிரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளாது. முதல் மாதம் அதன் சுகமே தனி. ஆனால் தலையணையில் நடப்பது இங்கேயும் நடக்கும். பலகையின் எடையும் கையின் எடையும் தினமும் ஒரே இடத்தில் இறங்க, பஞ்சு ஓரங்களுக்கு ஒதுங்கிக் கட்டி தட்டிவிடும். நடுவில் பள்ளம் விழுந்தால் பலகை ஆடத் தொடங்கும். வெயிலில் போட்டு உதறினால் திரும்ப எழும்பும். அதைச் செய்ய வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அடைக்கும்போது தூசி பறக்கும், மூக்கில் துணி கட்டாமல் உட்காராதீர்கள். மூச்சிரைப்பு (ஆஸ்துமா) உள்ளவர் வீட்டுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம்.

ஃபோம் இதற்கு நேர் எதிர். வெட்டினபடியே நிற்கும். கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்வது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. 5 செ.மீ. தடிமனில் நம் அளவுக்கு 32இல் ஒரு துண்டு எடுத்தால் கால் கிலோவுக்கும் குறைவு. மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஃபோம் ஆறு மாதத்தில் அப்பளமாக உட்கார்ந்துவிடும். 32க்குக் கீழே போகாதீர்கள். ஃபோமின் உண்மையான பலம் சரிவு. பின்பக்கம் 10 செ.மீ., முன்பக்கம் 5 செ.மீ. என்று சாய்வாக வெட்டித் தரச் சொன்னால், பலகை ஏறத்தாழ ஒன்பது டிகிரி சாய்ந்து நிற்கும். எழுதுகிறவர் தலையை அவ்வளவாகக் குனிய வேண்டியதில்லை. பழைய மளிகைக் கடைகளில் கணக்குப்பிள்ளை முன்னால் இருந்த சாய்வுப் பெட்டி நினைவிருக்கிறதா? அதே வசதி. குறை என்னவென்றால் சூடு. சித்திரை மாதத்தில் ஃபோம் மடியில் கிடந்தால் கால் மணி நேரத்தில் வியர்க்கும். தொடையின் வளைவுக்கும் அது முழுதாக இறங்கிக் கொடுக்காது.

தெர்மாகோல் மணி, அதாவது பீன் பேக்கில் அடைக்கிறார்களே அந்தச் சின்ன வெள்ளை உருண்டைகள். மடிக்குப் படிவதில் இதை அடிக்க வேறொன்றும் இல்லை. காலை மாற்றிப் போட்டாலும் மணிகள் ஓடி இடத்தை நிரப்பிக்கொள்ளும், பலகை மட்டமாகவே இருக்கும். எட்டு லிட்டர் மணி போட்டாலும் எடை 150 கிராம் பக்கம்தான். ஆனால் நிரப்புவது பெரும்பாடு. நிலைமின்சாரத்தால் கை, சேலை, கதவு என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மணிப் பையின் வாயையும் உறையின் வாயையும் பொட்டலம் ஒட்டும் டேப்பால் ஒன்றாகச் சுற்றி ஒட்டி, அப்படியே கவிழ்த்துச் சரிய விடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் கல் மாதிரி ஆகிவிடும். உள்ளுறையை இரட்டைத் தையல் போட்டு நிரந்தரமாக மூடுங்கள், ஜிப் வெளியுறைக்கு மட்டும் போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதில் ஒரு சின்னக் கிழிசல்கூட ஆபத்து, மணி மூக்குக்குள் போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஃபோம்தான் கொடுப்பேன்.

பெரியம்மாவுக்கு ஃபோம் சரிவு. தங்கை மகளுக்கு மணி. மாமாவுக்கு முதலில் பஞ்சு கொடுத்தேன். அவர் நடுப்பள்ளத்தில் ஒரு துண்டை மடித்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பஞ்சை எடுத்து மணி போட்டுத் தந்தேன். மூன்றில் ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் மணி.

பலகையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை, வழவழப்பாக இருக்கும், பெயிண்டு நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஓரத்தில் ஒரு சொட்டுக் காபி இறங்கினாலும் உப்பிவிடும், உப்பினது திரும்பாது. 6 மி.மீ. பிளைவுட் நம் அளவுக்கு அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், 12 மி.மீ. எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் போய் மடி கனக்கும். பைன் பலகை அழகு, கொஞ்சம் காசு கூட. நான் பெரும்பாலும் பிளைவுட்தான் எடுக்கிறேன். 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, இரண்டு கை வார்னிஷ், ஓரத்தில் மெல்லிய பீடிங் (பொருள் வழுக்கி விழாமல் தடுக்கும் மரப்பட்டி). எழுதுகிறவர் பக்கத்து ஓரத்துக்குப் பீடிங் வேண்டாம், மணிக்கட்டை அறுக்கும். மடிக்கணினிக்குச் செய்தால் பலகை மேல் துணி ஒட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். பெரும்பாலான கணினிகள் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கின்றன. வெறும் பலகை அந்த வழியை அடைக்காது.

இனி, பெயர் போடுவது. கையால் செய்த பரிசு என்பது இங்கேதான் தெரிகிறது, தவறுவதும் இங்கேதான்.

சூட்டுக்கோலால் மரத்தில் எழுதுவதுதான் எனக்குப் பிடித்தது. எம்.டி.எஃபில் அதைச் செய்யாதீர்கள், பசை கருகி வரும் புகை கெடுதல். பிளைவுட்டிலும் மேல் ஏட்டைத் தாண்டி இறங்காமல், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். நம் எழுத்துக்கு இது தனிப் பயிற்சி. 'ண', 'ன' சுழிகளில் கை மெதுவாகும். மெதுவான இடத்தில் மரம் அதிகம் கருகிப் பொட்டு விழும். அதற்கு ஒரு வழி உண்டு: கோலைப் பிடித்த கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது கையால் பலகையைச் சுழற்றுவது. மெய்யெழுத்தின் புள்ளியைக் கடைசியில், ஒரே தொடலில் வையுங்கள். பைனில் கடினமான ரேகையும் மென்மையான ரேகையும் மாறி மாறி வருவதால் கோடு துள்ளும். வேகத்தைக் குறைத்து, ரேகைக்குக் குறுக்கே போகும்போது அழுத்தாமல் போக வேண்டும்.

பெரியம்மாவின் பலகையில் பெயரைச் சரியாக நடுவில் சுட்டுவிட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. மறுநாள் ஒற்றைத் தாள் வைத்து எழுதியபோது பேனா முனை சுட்ட பள்ளத்தில் இறங்கி, தாள் பொத்துக்கொண்டது. இரண்டாவது பலகை வெட்டினேன். இப்போது பெயர் மேல் ஓரத்தில், இரண்டு விரல் அகலப் பட்டைக்குள் மட்டும்.

லேசர் கடையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அச்சுப்போல முடித்துத் தருவார்கள். அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் கொடுக்க அது சரி. வினைல் ஸ்டிக்கர், மணிக்கட்டு படுகிற இடத்தில் மூன்று மாதத்தில் கிளம்பிவிடும். அக்ரிலிக் பெயிண்டு நிற்கும். மேலே எண்ணெய் வார்னிஷ் அடித்தால் வெள்ளை மஞ்சளாகும், எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் கலந்து தயாரித்த வார்னிஷை அடியுங்கள்.

துணியில் பெயர் தைப்பதானால், உறையின் அடிப்பக்கத்தில் தைத்து வீணாக்காதீர்கள், அது மடியில் மறைந்துவிடும். மெத்தையின் எதிர்ப்பக்கப் பட்டையில் மூன்று இழை நூலால் சங்கிலித் தையல் போட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். உறைக்கு மதுரைச் சுங்குடி குளுமையாக இருக்கும், ஆனால் மெல்லியது. உள்ளே ஒரு காடாத் துணி கொடுத்துத் தைக்க வேண்டும். வாங்கிக்கொள்பவரின் வீட்டுப் பழைய நூல் புடவை கிடைத்தால் அதற்கு மேல் துணி தேட வேண்டாம்.

மெத்தையைப் பலகையோடு பசை போட்டு ஒட்டுவதா, வெல்க்ரோவா? வெல்க்ரோதான். உறை துவைக்கவும் மணி அமுங்கினால் மாற்றவும் அது வேண்டும். முரட்டுப் பக்கம் மரத்தில், மென்மையான பக்கம் துணியில். ஒட்டும் வெல்க்ரோ வெயில் காலத்தில் பசை விடும், ஆகவே ஸ்டேப்ளர் பின்னும் அடியுங்கள். 6 மி.மீ. பலகைக்கு 4 மி.மீ. கால் உள்ள பின் போதும், 8 மி.மீ. அடித்து, மேலே முனை எட்டிப் பார்த்து நான் ஒரு பலகையைக் கெடுத்திருக்கிறேன்.

இப்போது எட்டாவது நடக்கிறது, அம்மாவுக்கு. அப்பா எழுதிய பழைய இன்லேண்டு கடிதம் ஒன்றில் அம்மா பெயர் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அதை நகலெடுத்து, கார்பன் தாள் வைத்து மேல் ஓரப் பட்டையில் பதித்துவிட்டேன். முதல் எழுத்தின் வால் அவர் வழக்கப்படி நீண்டு பட்டையைத் தாண்டுகிறது. அதைச் சுருக்க மனமில்லை. பட்டையை ஒரு விரல் அகலப்படுத்திக்கொண்டேன்.