ட்ரான்ஸ்போமர் எண்ணெய்ப் பரிசோதனை: சம்மாந்துறை ஆலைகளுக்குச் சரிவருமா?

சம்மாந்துறை, கல்முனை அரிசி ஆலைகளுக்கு நேரில் வந்து மாதிரி எடுத்துப் போகும் சேவை. அகச்சிவப்பு நிறமாலையில் 1710 cm⁻¹ (அலை எண்) பக்கம் உறிஞ்சல் உச்சி எழும்பினால் எண்ணெய் ஒட்சியேறியிருக்கிறது. 3650 இல் உள்ள உச்சி சுருங்கினால், ஒட்சியேற்றத்தைத் தடுக்க எண்ணெயில் சேர்த்த தடுப்பான் தீர்கிறது. இரண்டையும் வரைபடத்தோடே தருகிறார்கள், அருமை.

ஃபியூரானில்தான் இடிக்கிறது. ட்ரான்ஸ்போமர் சுருள்களைச் சுற்றிய காகிதக் காப்பு தேயும்போது எண்ணெயில் கலக்கும் சேர்மம் அது; அந்தத் தேய்வைக் காட்டுவது அதுதான். 280 நானோமீற்றர் அருகே அது ஒளியை உறிஞ்சும், ஆனால் எண்ணெயின் அரோமற்றிக் சேர்மங்களும் அங்கேயே உறிஞ்சும். அசற்றோநைற்றைல் என்ற கரைப்பானால் ஃபியூரானைப் பிரித்தெடுக்காமல் அளந்த கணக்கை நம்ப வேண்டாம், கேட்டுப் பாருங்கள். அண்மையில் களிமண் வடிகட்டியில் எண்ணெயைச் சுத்திகரித்திருந்தால் ஃபியூரான் குறைத்தே காட்டும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாதிரி எடுப்பதில் அவசரம். அடிவால்வில் முதல் ஒரு லீற்றரை ஓடவிடாமலே போத்தலை நீட்டுகிறார்கள், அதுவும் ஒளி புகும் வெள்ளைப் போத்தல். இந்த வெயிலுக்குக் கபில நிறப் போத்தல்தான் வேண்டும்.