பழைய மாடலா, புதிய மாடலா: கல்லூரிப் படிப்பு முழுக்க ஒரு 2018 மடிக்கணினியோடு

கையில் இருக்கும் பணத்துக்கு மலிவான புதிய மாடலும் கிடைக்கிறது, அலுவலகங்களுக்கென்று தயாராகிக் கைமாறி வந்த பழைய உயர்ரக மாடலும் கிடைக்கிறது என்றால், பழையதை எடுங்கள். ஆனால் 2018-க்கு முந்தையதைத் தொடவே வேண்டாம். கணினி அறிவியல் படிப்பு முழுவதையும் அப்படியொரு பழைய மடிக்கணினியில்தான் முடித்தேன். அதே காலத்தில் என் தங்கை புதிதாக வாங்கிய மெல்லிய மாடல் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டும் எப்படி உழைக்கின்றன, எங்கே தேய்கின்றன என்பதைக் கூடவே இருந்து பார்த்த அனுபவம் இது.

2018 என்ற கோட்டுக்குக் காரணம் உண்டு. 2017-இன் பிற்பகுதியில் இன்டெல் வெளியிட்ட 8-ஆம் தலைமுறை பிராசஸர்களில்தான், மெல்லிய மடிக்கணினிகளுக்கான ஐ5 வகை இரண்டு கோர்களிலிருந்து (கோர் என்பது பிராசஸருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி) நான்கு கோர்களுக்கு உயர்ந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் உயர்வகையான ஐ7-7500யூ-வில்கூட இரண்டு கோர்கள்தான், ஐ5-8250யூ-வில் நான்கு. எனவே ‘ஐ7’ என்று ஒட்டியிருக்கும் வில்லையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதை அடுத்து வரும் எண்தான் முக்கியம். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள், ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் போதும் என்பவர்களுக்கு இது தடையே இல்லை. ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும் தேர்வு மென்பொருளைக் கல்லூரி கேட்டால் என்ன செய்வீர்கள்?

என் மடிக்கணினி 8 ஜிபி ரேமோடு, அதாவது திறந்திருக்கும் மென்பொருள்களைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தோடு, வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் மெய்நிகர் இயந்திரங்களும் பாடத்தில் வந்த பிறகுதான் மூச்சுத் திணறியது. அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தி, ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் கொக்கிகளைப் பழைய அட்டை ஒன்றால் மெல்ல நெம்பினேன். மூடி வந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 8 ஜிபி துண்டைச் சாய்வாகச் செருகி அழுத்தினால், இரு பக்கமும் உள்ள உலோகப் பிடிகள் ‘டக்’கென்று கவ்விக்கொள்கின்றன. அவ்வளவுதான் வேலை. மறுநாள் ஆய்வகத்தில் ஆண்ட்ராய்டு ஃபோனைத் திரையில் போலியாக ஓட்டிக் காட்டும் எமுலேட்டரையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்து வைத்துத் தடங்கலில்லாமல் வேலை செய்தேன்.

தங்கையின் மடிக்கணினியிலும் 8 ஜிபிதான். ஆனால் அந்த ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. வாங்கிய அன்று அதுதான் வேகமானது. என்னுடையதைவிடச் சீக்கிரம் திறக்கும், சத்தமே வராது. படிப்பு முன்னேற முன்னேற, வடிவமைப்பு மென்பொருளைத் திறப்பதற்காகப் பிரவுசரை மூடும் நிலை வந்தது. பிராசஸர் நல்ல நிலையில் இருந்தும் ரேம் போதாமல் ஒரு கருவி முடங்குவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. புதிய மாடல்தான் வேண்டும் என்பவர்கள் 16 ஜிபிக்குக் குறைவாக வாங்காதீர்கள் என்று இதனால்தான் வற்புறுத்துகிறேன்.

கீல் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுடையதில் திரையைத் தாங்கும் கீலின் திருகுகள் மெல்லிய பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருந்தன. தினமும் திறந்து மூடியதில் அந்த மூலை விரிசல் விட்டது. என்னுடையதில் கீல் உலோகச் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. இன்றும் ஆட்டம் இல்லை. தினமும் பையில் போட்டு எடுத்துச் செல்லும் ஒரு பொருளுக்கு இது சின்ன விஷயமல்ல.

பேட்டரியில் புதியதுதான் வென்றது, சந்தேகமே இல்லை. அவள் சார்ஜரை எடுக்காமலேயே கல்லூரிக்குப் போய் வந்தாள். நானோ வகுப்பில் பிளக் இருக்கும் சுவரோரமாக இடம் தேடினேன். பழையதை வாங்கும்போது பேட்டரி தேய்ந்தே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் எடுக்கக்கூடிய பேட்டரி அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நான் மாற்றிய பிறகு நிலைமை தேறியது. திங்க்பேட் டி480 போன்ற சில 2018 மாடல்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரிகள் உண்டு. வெளியே இருப்பதைக் கணினியை அணைக்காமலேயே மாற்றலாம். எந்த மாடலானாலும் நாள் முழுக்க சார்ஜரில் செருகியே வைத்திருப்பவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும்.

பழையதில் வேறு குறைகளும் உண்டு. திரை மங்கல், ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்துகளைத் தேட வேண்டியிருக்கும். காணொளி வகுப்புகளில் விசிறி இரையும். இணையத்தில் இப்போது பரவலாகிவிட்ட, ஏவி1 என்ற முறையில் சுருக்கப்பட்ட காணொளிகளை விரிக்கும் வன்பொருள் 8-ஆம் தலைமுறையில் கிடையாது, அந்தச் சுமை முழுவதும் பிராசஸர் மேல்தான் விழும். விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததை மாற்றிய பிறகு சூடு நன்றாகவே குறைந்தது. எடை மட்டும் குறையவில்லை.

முப்பரிமாண வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு போன்றவற்றைப் படிப்பவர்களுக்கு என் பரிந்துரை பொருந்தாது. அவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் சில்லோடு வரும் புதிய மாடல்தான் சரி. விசிறியே இல்லாத 2020-இன் எம்1 மேக்புக் ஏர் இன்றும் அருமையான இயந்திரம். ஆனால் பொறியியல் வரைபட மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் மேக்கில் நேரடியாக ஓடாது. 2024-இலிருந்து வரும், இன்டெல்லிலிருந்து வேறுபட்ட ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸர் கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகளிலும் ஆய்வகக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் மென்பொருள்கள் ஒத்துழைக்காமல் போகலாம். துறையில் எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்று சீனியர்களிடம் முதலில் கேட்டுவிட்டு மாடலைத் தேடத் தொடங்குங்கள்.

கைமாறிய கணினியை வாங்கும் இடத்திலேயே பயாஸ் அமைப்புக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பாருங்கள். முந்தைய நிறுவனத்தின் கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். அதை நீக்குவது பெரும் தலைவலி. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வந்தாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. சார்ஜரை மறந்துவிட்டுப் போன நாளில் பக்கத்து மேசைக்காரரின் சார்ஜரே போதும்.