புஷ் வந்ததும் வேலை தொடங்க: கிட் ஹூக்கா, வெப்ஹூக்கா, ஆக்‌ஷன்ஸா?

நாம் எழுதிய கோடு (நிரல்) கிட் ரெப்போவுக்கு, அதாவது மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிடங்குக்கு, புஷ் ஆனதும் டெஸ்ட் ஓட வேண்டும், பில்ட் ஆக வேண்டும், புது வெர்ஷன் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறோம்: கிட்டிலேயே இருக்கும் ஹூக் (ஒன்று நடக்கும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்), ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் நம் சர்வரைக் கூப்பிடும் வெப்ஹூக், நம் வேலைகளை கிட்ஹப்பே ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். எது சுலபம், எதற்குக் காசு இல்லை என்று ஒப்பிட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். ஈவென்ட் (புஷ் போன்ற ஒன்று நடந்ததன் அறிவிப்பு) வராமலே போய்விட்டால் அது யாருக்குத் தெரியவரும் என்று கேட்டுப் பார்த்தால் இந்த மூன்றின் தரவரிசையே மாறிவிடும்.

முதலில் கிட் ஹூக். டெவலப்பரின் கணினியில், கமிட் (மாற்றத்தைப் பதிவது) ஆகும் முன் ஓடும் பிரீ-கமிட் ஹூக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ரெப்போவை குளோன் (பிரதி) எடுத்தால் ஹூக்ஸ் ஃபோல்டர் அதோடு வராது. ஒவ்வொருவரும் தனியாக அமைத்துக்கொள்ள வேண்டும். நோ-வெரிஃபை என்று சேர்த்தால் அதைத் தாண்டியும் போய்விடலாம். கோடை ஒழுங்குபடுத்த நல்லது, காவலுக்கு உதவாது.

சர்வரில் ஓடும் ஹூக்குகளின் கதை வேறு. புஷ் வந்ததும் பிரீ-ரிசீவ் ஓடும். அதற்கு உள்ளீடாக, மாறும் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் (கோடின் தனிக் கிளை) டேக்குக்கும் (ஒரு கமிட்டுக்கு ஒட்டும் பெயர்) ஒரு வரி வரும்: பழைய கமிட், புதிய கமிட், ரெஃபின், அதாவது அந்த பிராஞ்ச் அல்லது டேக்கின், பெயர். ஸ்கிரிப்ட் பூஜ்ஜியம் அல்லாத எண்ணோடு முடிந்தால் அந்த புஷ் மொத்தமும் நிராகரிக்கப்படும். புஷ் உள்ளே நுழையும் முன்பே நம் ஸ்கிரிப்டால் தடுக்க முடிவது இந்த மூன்றில் இங்கே மட்டும்தான். ஏற்றுக்கொண்ட பிறகு போஸ்ட்-ரிசீவ் ஓடும். அதனால் எதையும் தடுக்க முடியாது, ஆனால் அது முடியும்வரை புஷ் செய்தவரின் டெர்மினல் காத்திருக்கும். ஹூக் அழுதால் அவர் கண்முன்னேயே அழும். இந்த நேர்மைக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

போஸ்ட்-ரிசீவ் எழுதும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்கிரிப்டுக்குள் வேறு ஃபோல்டருக்குப் போய் கிட் புல் கொடுத்தால், "இது கிட் ரெப்போ இல்லை" என்று பிழை வரும். ஹூக் ஓடும்போது கிட்-டிர் என்ற சூழல் மாறி ஏற்கெனவே அமைந்திருப்பதுதான் காரணம். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அதை அன்செட் செய்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சர்வர் ஹூக்குகளுக்கு ரெப்போ நம் கையில் இருக்க வேண்டும்: சொந்தச் சர்வர், நாமே நிறுவிய கிட்லேப், அல்லது கிட்ஹப் என்டர்பிரைஸ் சர்வர். கிட்ஹப்பின் பொதுத் தளத்தில் டெஸ்ட் பாஸ் ஆகாமல் மெர்ஜ் ஆகாதபடி பிராஞ்சுக்கு விதி போடலாம். புஷ்ஷுக்கு நடுவே நம் ஸ்கிரிப்டை நுழைக்க வழியில்லை.

அடுத்து வெப்ஹூக். கிட்ஹப்பில் ஏதாவது நடந்தால் அது நம் முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கையை அனுப்பும். கேட்கச் சுலபமாக இருக்கும். கவனம் அதிகம் கேட்பதும் இதுதான். 10 விநாடிக்குள் நம் சர்வர் 200 வரிசைப் பதில் ஒன்றைத் தராவிட்டால் அந்த டெலிவரி தோல்வி என்று குறிக்கப்படும். தோற்றதை கிட்ஹப் தானாகத் திரும்ப அனுப்பாது. ஸ்ட்ரைப் போன்ற பணப் பரிவர்த்தனைச் சேவை மூன்று நாள் வரை விட்டுவிட்டு முயன்று பார்க்கும். அந்தப் பழக்கத்தோடு கிட்ஹப்புக்கு வருபவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். சர்வரை மறுபடி ஏற்றும் அரை நிமிடத்தில் வந்த ஈவென்ட், நாமாகப் போய்க் கேட்காதவரை போனது போனதுதான்.

ஆகவே வெப்ஹூக் ஹேண்ட்லருக்குள் (கோரிக்கையை வாங்கும் நம் கோடு) டெப்ளாய் வேலையையே, அதாவது புது வெர்ஷனை ஏற்றுவதையே, வைக்காதீர்கள். வந்தது கிட்ஹப்பிடமிருந்துதான் என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்து, க்யூவில் (காத்திருப்பு வரிசை) போட்டு, உடனே பதில் சொல்லிவிட வேண்டும். கையொப்பம் பார்க்கும்போது, வந்த பாடியை (கோரிக்கையின் உள்ளடக்கம்) அப்படியே பைட்டுகளாக எடுத்து எச்மேக் (ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிடும் கையொப்பம்) கணக்கிட வேண்டும். ஃப்ரேம்வொர்க் அதை ஜேசனாகப் பிரித்த பிறகு திரும்பக் கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. அப்புறம், ஒவ்வொரு டெலிவரிக்கும் ஓர் ஐடி வரும். மறுபடி அனுப்பச் சொன்னாலும் அதே ஐடிதான். அதைச் சேமித்து வைத்தால் ஒரே டெப்ளாய் இரண்டு முறை ஓடாது.

ஆக்‌ஷன்ஸில் இந்தத் தலைவலிகள் பெரும்பாலும் இல்லை. ஒய்எம்எல் கோப்பில் எந்த ஈவென்டுக்கு எந்த வேலை என்று எழுதினால் போதும்; அதுதான் வொர்க்ஃப்ளோ. சர்வர், க்யூ, லாக் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தானாகவே கிடைக்கும் கிட்ஹப் டோக்கனை (அனுமதிச் சாவி) கொண்டு ஒரு வொர்க்ஃப்ளோ புஷ் செய்தால், அந்த புஷ் இன்னொரு வொர்க்ஃப்ளோவைக் கிளப்பாது. முடிவில்லாமல் சுற்றுவதைத் தவிர்க்கச் செய்த நல்ல ஏற்பாடு. "பாட் கமிட் போட்டது, டெஸ்ட் ஏன் ஓடவில்லை?" என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்களுக்குப் பதிலும் அதுவே.

பாதுகாப்பில்தான் ஆக்‌ஷன்ஸ் என்னைப் பயமுறுத்துகிறது. ஃபோர்க்கிலிருந்து (பிறர் எடுத்த நம் ரெப்போவின் பிரதி) வரும் சாதாரண புல் ரிக்வெஸ்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள்) நம் சீக்ரெட்டுகள் (கடவுச்சொல், சாவி போன்றவை) கிடைக்காது. புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் என்ற ஈவென்டில் கிடைக்கும். அதற்குள் அந்நியரின் கோடை செக்-அவுட் செய்து ஓட்டினால் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரிதான். 2025 மார்ச்சில், பலரும் பயன்படுத்திய சேஞ்ட்-ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷனின் (வொர்க்ஃப்ளோவில் சேர்க்கும், பிறர் எழுதிய ஆயத்தத் துண்டு) வெர்ஷன் டேக்குகள் தீய கமிட் ஒன்றுக்குத் திருப்பப்பட்டன. அதை ஓட்டியவர்களின் சீக்ரெட்டுகள் பில்ட் லாகில் கொட்டின. டேக் பெயரை நம்பாமல் முழு கமிட் ஹேஷை (ஒரு கமிட்டுக்கே உரிய அடையாள எண்) குறிப்பிட்டிருந்தவர்களை அந்த டேக் மாற்றம் தொடவில்லை.

ஈவென்ட் தவறுவது ஆக்‌ஷன்ஸிலும் உண்டு. ஒரே புஷ்ஷில் மூன்றுக்கு மேல் டேக்குகள் போனால் அவற்றுக்கான புஷ் ஈவென்டே உருவாகாது. வெப்ஹூக்கும் வராது, வொர்க்ஃப்ளோவும் ஓடாது. எந்தப் பிழைச் செய்தியும் இருக்காது. மோனோ-ரெப்போவில், அதாவது எல்லாம் ஒரே ரெப்போவில் இருக்கும்போது, பல பேக்கேஜுகளுக்கு ஒரே நேரத்தில் ரிலீஸ் டேக் போடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். போஸ்ட்-ரிசீவ் ஹூக்குக்கோ நான்கு டேக் என்றால் நான்கு வரி வந்துவிடும்.

என் தேர்வு இதுதான். ரெப்போ கிட்ஹப்பில் இருந்து, வேலை டெஸ்ட், பில்ட், ரிலீஸ் என்ற அளவில் இருந்தால் ஆக்‌ஷன்ஸ், யோசிக்கவே வேண்டாம். தவறான கோடு உள்ளேயே வரக்கூடாது என்ற கட்டாயம் இருந்து, சர்வரும் நம்முடையதாக இருந்தால் பிரீ-ரிசீவ். நம் நெட்வொர்க்குக்குள் இருக்கும் டிக்கெட் சிஸ்டமோ டேட்டாபேஸோ அசைய வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறார் என்றால் மட்டும் வெப்ஹூக். அப்போதும் தோற்ற டெலிவரிகளை ஏபிஐ வழியாகப் பட்டியலிட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லும் ஒரு சிறு வேலையை மணிக்கொரு முறை ஓட விடுங்கள். மூன்று நாளைக்கு மேல் பழையதை அனுப்ப முடியாது. அந்த வேலையை ஆக்‌ஷன்ஸின் ஷெட்யூலில் வைப்பதாக இருந்தால், மணி தொடங்கும் 0-ஆவது நிமிடத்தைத் தவிருங்கள். கூட்டம் குவியும் நேரம் அது. ஓட்டம் தாமதமாகலாம், சில சமயம் விட்டும் போகலாம்.