கிடங்கு வேலை: பெஸ்தாரி ஜெயாவில் பஸ் ஏறுமுன்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு ஏறுவது ஷா ஆலாம், புக்கிட் ராஜா, காப்பார் பக்கம் போகும் கிடங்கு பஸ்ஸில்தான். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே குலைக் கணக்குக்குக் கூலி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பார்சல் கணக்குக்கு ஓடுகிறார்கள். இணையக் கடைகளின் கிடங்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்றே சொல்வேன். நிறுவனமே நேரடியாகக் கடிதம் கொடுத்தால் தயங்காமல் போகலாம். ஏஜெண்ட் மூலம் என்றால், கீழே உள்ளதைப் பார்த்த பிறகு போகலாம்.

கிடங்கில் வேலை நான்கு பகுதியாக நடக்கிறது. லோரியிலிருந்து சரக்கை இறக்கி எண்ணிப் பதிவது ஒன்று, அதைத் தட்டுகளில் அடுக்குவது ஒன்று. ஆர்டர் வந்ததும் தேடி எடுப்பவர்கள் ‘பிக்கர்’, கட்டி அனுப்புபவர்கள் ‘பேக்கர்’. திரும்பி வரும் சரக்கைச் சோதிக்கும் ‘ரிட்டர்ன்’ பகுதி தனி. புதிதாகச் சேர்பவர்களை முதலில் தள்ளுவது பிக்கர் வேலைக்குத்தான். ஆள் அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான், கால் சோர்ந்துபோவதும் அங்கேதான்.

கையில் ஒரு ஸ்கேனர் கொடுப்பார்கள். திரையில் ‘பி-14-03-2’ என்று வந்தால், பி பகுதி, 14ஆவது சந்து, மூன்றாவது அடுக்கு, இரண்டாவது பெட்டி. முதலில் பெட்டியின் ஒட்டுச்சீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும், அடுத்து பொருளை, பிறகு எண்ணிக்கை, கடைசியில் கூடைக்குள் போட வேண்டும். தவறு பெரும்பாலும் நடப்பது மூன்றாவது படியில். ஒரே பொருளில் ஆறு வேண்டும் என்றால், ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு ‘6’ என்று தட்டுவார்கள். அந்த ஆறில் ஒன்று வேறு நிறமாகவோ, எல் சைஸுக்குப் பதில் எக்ஸ்எல் ஆகவோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும்போது, எடுத்தவரின் எண்ணில் தவறு ஏறும். தட்டில் அடுக்கியவர் இரண்டு வகையை ஒரே பெட்டியில் கொட்டியிருப்பதுதான் இதற்கு மூல காரணம். ஆனால் அவர் பெயர் வெளியே வராது. ஆகவே ஆறையும் தனித்தனியாக ஸ்கேன் செய்வதே நல்லது. சில வினாடி கூடுதலாகப் போகும், போகட்டும். பெட்டியில் வேறு சரக்கு கலந்திருந்தால் ஊகித்து எடுக்காமல், ‘பற்றாக்குறை’ என்று பதிந்துவிட்டு குழுத் தலைவரான லீடரிடம் பெட்டி எண்ணைச் சொல்லிவிடுங்கள். பதிந்தால் அந்தப் பெட்டி மறு எண்ணிக்கைக்குப் போகும். அடுத்து வருபவருக்கும் அது நன்மை.

இன்னொரு பொதுவான மோசம், பெரிய அட்டைப்பெட்டிக்கு ஒரு பார்கோடு, உள்ளே இருக்கும் ஒற்றைப் பொருளுக்கு இன்னொரு பார்கோடு இருப்பது. 24 பாக்கெட் உள்ள பெட்டியை ஒரு பாக்கெட் கணக்கில் அனுப்பிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. திரையில் உள்ள படமும் கையில் உள்ள பொருளும் ஒரே அளவா என்று பார்த்துவிட்டால் இது நேராது.

மணிக்கு எத்தனை எடுத்தீர்கள் என்பதை ஸ்கேனரே கணக்கிட்டு லீடரின் திரையில் காட்டும். லிப்ஸ்டிக் இருக்கும் பகுதியில் பத்தடி நடந்தால் அடுத்த பொருள் கிடைக்கும். அரிசி குக்கர் இருக்கும் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் தள்ளுவண்டி வேண்டும். இரண்டுக்கும் ஒரே இலக்கு வைக்கும் கிடங்கு நியாயமான கிடங்கு இல்லை. நேர்முகத் தேர்விலேயே ‘இலக்கு பகுதிக்குப் பகுதி மாறுமா?’ என்று கேளுங்கள். ஸ்கேனர் உறைந்து நின்றாலோ, தள்ளுவண்டிக்குக் காத்திருந்தாலோ அந்த நிமிடமே லீடரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகு சொன்னால், சும்மா நின்ற நேரம் என்றுதான் எழுதுவார்கள்.

பேக்கிங் மேசை உடம்புக்குக் கொஞ்சம் இதம், கவனம்தான் அதிகம் தேவை. ஒட்டுச்சீட்டைப் பெட்டியின் மூடும் மடிப்பின் மேல் ஒட்டக்கூடாது. மடிப்பில் பார்கோடு சுருங்கினால் பிரிக்கும் இயந்திரம் படிக்காது, பார்சல் தனிக் குவியலுக்குப் போய் ஒரு நாள் தூங்கும். ஷாம்பு, எண்ணெய் என்றால் மூடியைச் சுற்றி டேப் போட்டு, பிளாஸ்டிக் பையில் இட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். கட்டிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. வந்தால் உள்ளே இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். அச்சடிக்கும் சீட்டில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு தொடர்ந்து விழுந்தால் பிரிண்டர் தலையில் பசை ஒட்டியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறிய பின் ஆல்கஹால் துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நகத்தால் சுரண்டினால் அந்தத் தலையே போய்விடும்.

வெயில் நாளில் தகரக் கூரைக்கு அடியில் உள்ள மேல்தளம் பிற்பகலில் கொதிக்கும். தண்ணீர் பாட்டில் உள்ளே அனுமதியா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் உள்ளே தெரியும் பாட்டில் மட்டும்தான் கொண்டு போகலாம். காலணியைச் சாயங்காலத்தில் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் பாதம் வீங்கிய அளவு தெரியும். பாதுகாப்புக் காலணிக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

இனிச் சம்பளம். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களிலும், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் மற்ற நிறுவனங்களிலும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. கடிதத்தில் ஒரு நாள் வேலை 8 மணி நேரம் என்று இருந்தால், மணிக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. நாளுக்கு 3 மணி நேரமாக 22 நாள் ஓவர்டைம் செய்தால் 809 வெள்ளி சொச்சம் கூடும், மொத்தம் 2,500ஐத் தொடும். ஊரில் கிடைக்கும் கடைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கவர்ச்சிதான். ஆனால் ஒன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஓவர்டைம் பணத்துக்கு ஊழியர் சேமநிதி பிடிப்பதில்லை. உங்கள் பங்கான 11 விழுக்காடு, முதலாளி பங்கான 13 விழுக்காடு, இரண்டும் 1,700க்குத்தான்: 187 வெள்ளி, 221 வெள்ளி. கைக்கு 2,300 வந்தாலும் சேமநிதி 1,700 வெள்ளிக்காரருக்கு வளர்வதுபோலத்தான் வளரும். அதனால் ஓவர்டைம் காட்டி ஆசை காட்டும் இடத்தை விட, அடிப்படைச் சம்பளம் நூறு வெள்ளி கூடுதலாக உள்ள இடமே என் கணிப்பில் மேல்.

2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும். அந்த அரை மணியில் பாதி, வாசலில் உடல் சோதனை வரிசையில் கரைந்து போகிறது என்பதுதான் கிடங்குகளில் நான் மன்னிக்க முடியாத குறை.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருவோம். கிடங்கு வாசலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தால் நீங்கள் ஏஜெண்டின் ஆள். அதில் தப்பில்லை, ஆனால் சேமநிதியும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பீடான சொக்சோவும் கட்டும் பொறுப்பு அந்தச் சின்ன நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு மாதத்துச் சேமநிதியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதி கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைக் காட்டும் ஐ-அக்கவுன் திறந்து பாருங்கள். சீட்டில் பிடித்தம் இருந்து, அங்கே பணம் ஏறாமல் இரண்டு மாதம் போனால், புகார் செய்ய மூன்றாவது மாதம் வரை காத்திருக்க வேண்டாம். முன்பணம் கேட்பவரிடமும், ஐசியையோ (அடையாள அட்டை) ஏடிஎம் கார்டையோ வாங்கி வைப்பவரிடமும் கையெழுத்தே போடக்கூடாது.

9.9 (செப்டம்பர் 9), 10.10, 11.11, 12.12 என்று இணையக் கடைகள் நடத்தும் பெரிய விற்பனை நாட்களைச் சுற்றி லீவு கிடைக்காது. நம்மவர்களுக்கு இது வலிக்கும் இடம். 2023இல் தீபாவளி நவம்பர் 12, 11.11க்கு மறுநாள். 2026இல் நவம்பர் 8. சட்டம் கட்டாயமாக்கும் ஐந்து பொது விடுமுறைகளில் தீபாவளி இல்லை. மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்குமுன் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். வேலையில் சேர்ந்ததும் அந்தப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். தீபாவளி அதில் இருந்து, அன்று வேலைக்கு அழைத்தால், அந்நாள் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும்.

பஸ்ஸைப் பற்றியும் விசாரித்துவிட்டுச் சேருங்கள். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காலை 7 மணி ஷிப்டுக்கு 5.30க்கே முச்சந்தியில் நிற்க வேண்டியிருக்கும். பல பஸ்கள் தோட்டத்துக்குள் வருவதில்லை, பெரிய சாலையிலேயே இறக்கிவிடும். பெண்கள் இரவு வேலை செய்யக்கூடாது என்ற பழைய தடை 2023இல் நீங்கிவிட்டது, அதனால் இரவு 11 மணிக்கு முடியும் ஷிப்ட் அவர்களுக்கும் வரும். செம்பனைக்கு நடுவே விளக்கில்லாத இரண்டு கிலோமீட்டரை யார் கூட வருவது என்று முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். லயத்து (தோட்ட வரிசை வீடுகள்) வாசல் வரை வேன் விடும் கிடங்கு கிடைத்தால், ஐம்பது வெள்ளி குறைவாக இருந்தாலும் பெண் பிள்ளைகளுக்கு அதையே சொல்வேன்.

பார்சல் கொண்டு போகும் ரைடர் வேலை வேறு கணக்கு. பார்சலுக்கு இவ்வளவு என்று காசு, மோட்டார், பெட்ரோல், டயர் எல்லாம் உங்கள் தலையில். தோட்ட முகவரியில் பாதிக்கு வீட்டு எண் இருக்காது, ‘கோயில் பக்கத்து லயம்’ என்று மட்டும் இருக்கும். போன் எடுக்காத ஒரு வீட்டுக்குப் போய் வரும் பெட்ரோலை யாரும் தர மாட்டார்கள். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்தில் சேர்ந்த பிறகே சாலையில் இறங்குங்கள்.

சம்பளம் குறைந்தால் சண்டை போட்டுவிட்டு வேலையை விடுவது பலரின் பழக்கம். அப்படிச் செய்யாமல் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் நாள்வாரியாக எழுதிய நோட்டு, இந்த நான்கும் கையில் இருந்தால் போதும். நோட்டை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ஸ்கேனர் கணக்கை அவர்கள் வைத்திருப்பார்கள், வேலையை விட்டபின் அது உங்கள் கைக்கு வராது.