"நாய் வருமா?": புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒரு பழைய புத்தகக் கடை

பெயர் மறந்துபோன புத்தகத்தைத் தேடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கடை. பெயர் தெரிந்தால் வேறு எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், அலைச்சலும் குறைவு.

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை துணி வியாபாரிகளின் கூச்சலைத் தாண்டிப் போனால், ஷட்டர் இறக்கிய ஒரு கடையின் வாசலில் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கும். போர்டு கிடையாது. முன்வரிசை முழுக்க நீட் கைடு, ஓரம் மடங்கிய இங்கிலீஷ் நாவல், கொஞ்சம் பிரெஞ்சுப் புத்தகம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தமிழ்ச் சரக்கு பின்னால் அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது: ராணிமுத்து, மாலைமதி, க்ரைம் நாவல் என்று நாவல் இதழ்கள், அப்புறம் யார் வீட்டிலோ வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துக் கோணி ஊசியால் தைத்த தொடர்கதைகள். பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசனை தூக்கி அடிக்கும்.

நான் தேடியது, பள்ளிக்கூட நாட்களில் கடலூர் மஞ்சக்குப்பத்து வாடகை நூலகம் ஒன்றில் எடுத்துப் படித்த கதை. எந்தப் புத்தகம் வந்தாலும் அட்டையைப் பிய்த்துவிட்டு, காலிகோ துணி ஒட்டி, முதுகில் நம்பர் எழுதிவிடுவார்கள். எனக்குக் கிடைத்ததில் முதல் பக்கங்களும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியரை ஏதோ தீவுக்குக் கடத்திக்கொண்டு போகிறார்கள், அந்தத் தீவில் எல்லாமே ஒரு கம்ப்யூட்டர் சொல்வதுதான். நினைவில் இருந்தது இவ்வளவே. கம்ப்யூட்டரை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

யாரிடம் சொன்னாலும் "என் இனிய இயந்திராதானே?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுத்தாளர் சுஜாதா விகடனில் தொடராக எழுதி, தூர்தர்ஷனிலும் வந்த கதை. ஜீனோ என்ற அந்த ரோபோ நாய், தமிழில் வந்த மற்ற அறிவியல் கதைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்டு நூலகம் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் தலைப்போ எழுதியவர் பெயரோ தெரியாமல் நூலகத்தில் போய் என்னவென்று கேட்பது?

இந்தக் கடைக்காரர் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

"நாய் வருமா?"

"வராது அண்ணே."

"அப்ப ஜீனோ இல்ல. நாடு முழுக்க நடக்குதா, தீவுல மட்டுமா?"

"தீவுலதான்."

"அவனை எதுக்கும்மா தூக்கிட்டுப் போறாங்க?"

"கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ண."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "சொர்க்கத் தீவு. சுஜாதா. ஜீனோவுக்கெல்லாம் முன்னாடி எழுதினது."

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்து, வாக்குப்பதிவு இயந்திரம் உருவான வேலையிலும் பங்கெடுத்தவர் சுஜாதா. அதனால்தானோ என்னவோ, அந்தக் கதையில் தீவையே அடக்கி ஆள வேண்டிய கம்ப்யூட்டருக்கும் கோளாறு வருகிறது, ஆள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பூதம் மாதிரி கம்ப்யூட்டரைக் காட்டிய கதைகளைவிட எனக்கு இது ஒரு படி மேல்.

அவரிடம் அன்றைக்குப் பிரதி இல்லை. வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு நாள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பி, கூடவே ஒரு குரல் பதிவு: "நடுவுல கொஞ்சம் பக்கம் இல்லம்மா. கதை படிக்கணும்னா புதுப் பதிப்பு வாங்கிக்குங்க. ஆசைக்கு வேணும்னா இதை எடுங்க." இப்படிச் சொல்லி விற்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. 150 ரூபாய் கொடுத்து ஆசைக்குத்தான் எடுத்தேன். படிப்பதற்குப் புதிய பதிப்பு தனியாக வாங்கினேன்.

குறைகளும் உண்டு. எதிலும் விலை எழுதியிருக்காது, ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று தோன்றுகிறது. மழை தூறினால் கடை இல்லை. பதினோரு மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. கடலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் காலையிலேயே பஸ் ஏறிவிடுவது நல்லது. ஜிபே வாங்குகிறார்.

கதையைச் சொல்லும்போது உங்கள் ஊகத்தைச் சேர்க்காமல், நினைவில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். படங்கள் இருந்ததா, பக்கத்தை எத்தனை பத்தியாகப் பிரித்து அச்சடித்திருந்தார்கள், எந்த மாதிரி தாள் என்பதெல்லாம் அவருக்கு உதவும். காமிக்ஸ் பெட்டியை மட்டும் விலை கேட்காமல் கிளறாதீர்கள். சேகரிப்பவர்கள் அவரை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், அதில் பத்து ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்.