டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்

காருக்கு ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பையில் வண்டியை ஏற்றி இறக்குகிற அமைப்பு) போடக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறவர்கள், முக்கியமாகக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கிறவர்கள், இதை முழுக்கப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. எனக்கு என்ன செய்து கொடுத்தார்கள் என்பதைச் சொல்கிறேன். இதே வேலை வேறு எந்தப் பட்டறையில் நடந்தாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என்னுடையது 2016 போலோ. நாலு சக்கரத்துக்கும் பெல்லோ என்கிற காற்றுப் பை, டிக்கியில் இரண்டு கம்ப்ரஸர், காற்றைச் சேர்த்து வைக்க ஐந்து கேலன் டேங்க், அதைப் பைகளுக்குப் பிரித்து விடுகிற வால்வு பிளாக், ரிமோட் எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய் என்று பேசினோம். முன்பணம் ஒரு லட்சம். "டேங்க் புதுசுதானுங்களாண்ணா?" என்று பட்டறைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். "இம்போர்ட் பீஸ் தம்பி, டப்பாவோட வருது" என்றார். அந்த டப்பாவை நான் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

இருபது நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். டிக்கியைத் திறந்ததும் மனசு நிறைந்துவிட்டது. கறுப்பு கார்பெட், நடுவில் அக்ரிலிக் கண்ணாடி, அதற்குள் நீல விளக்கு. பளபளவென்று கறுப்பு டேங்க், இரண்டு பக்கமும் கம்ப்ரஸர். மீதிப் பணத்தை அங்கேயே நின்று ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் 18 பர்சன்ட் நட்டம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு "சரி"க்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

முதல் வாரத்திலேயே காலையில் போய்ப் பார்த்தால் வலது பின்பக்கம் படுத்திருக்கும். போன் செய்தால், "காத்துன்னா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் தம்பி" என்பார். இது பொய். ஒழுங்காகப் பூட்டின செட்டப் ராத்திரி முழுக்க நின்றாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்காது. ஷாம்பு கரைத்த தண்ணியை ஒரு ஸ்பிரே பாட்டிலில் எடுத்துப் போய் ஃபிட்டிங்கில் அடித்தேன். மூன்று இடத்தில் நுரை கொப்பளித்தது. நைலான் டியூபைக் கத்தியால் சாய்வாக வெட்டிச் செருகியிருந்தார்கள். டியூப் நேராக வெட்டுப்படாவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் சரியாகக் கவ்வாது, காற்று கசியும். கசிந்தால் டேங்கில் அழுத்தம் குறையும், கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஓடும், ஓட ஓடச் சூடாகும். என் வண்டியில் அதற்கப்புறம் நடந்ததெல்லாம் இந்த மூன்று நுரையில் தொடங்கியதுதான்.

இரண்டாவது மாதம் குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் அம்மாவும் அக்கா பையனும். பெருந்துறை தாண்டும்போது பையன், "மாமா, பிளாஸ்டிக் கருகற நாத்தம் வருது" என்றான். வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். நாற்றம் அதிகமானது. ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டு டிக்கியைத் திறந்தேன். இரண்டு கம்ப்ரஸரும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. காற்றழுத்தம் காட்டுகிற கேஜ் முள் 200 பிஎஸ்ஐயைத் தாண்டி நிற்கிறது. 200-ல் தானாக நிற்க வேண்டிய சாமான் அது. பானெட்டைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி ஒயரைக் கழற்றின பிறகுதான் சத்தம் அடங்கியது. என் கை நடுங்கினதை அம்மா பார்த்துவிட்டார்.

பக்கத்திலேயே லாரிக்கு ஏர் பிரேக் வேலை பார்க்கிற ஒரு பட்டறை இருந்தது. அங்கிருந்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். டிக்கியைப் பார்த்தவர், விளக்கையோ கண்ணாடியையோ கண்டுகொள்ளவே இல்லை. டேங்கின் அடியில் விரலை விட்டுத் தடவினார். "இது லாரி பிரேக் டேங்க்குங்க தம்பி. பெயிண்ட் அடிச்சிருக்காங்க." காற்றை மெதுவாக இறக்கிவிட்டு, அடியில் இருந்த வடிகால் திருகைத் திறந்தார். டீ டிகாஷன் நிறத்தில் துருத் தண்ணி கொட்டியது. கூடவே நகக்கண் அளவுக்குத் துருச் செதில்கள். டேங்கின் அழுத்த அளவு எழுதியிருக்க வேண்டிய தகட்டை கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

லாரி பிரேக்கில் காற்று ஓடுவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் எட்டு கிலோ அழுத்தத்தில். என் டிக்கியில் ஓடிய 200 பிஎஸ்ஐ என்பது பதினாலு கிலோ. உள்ளே துரு தின்ற பழைய டேங்கில் அதை ஏற்றி, அதற்கு முன்னால் இருக்கிற சீட்டில் என் அம்மாவை உட்கார வைத்திருந்தேன். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து காற்றை விடுகிற சேஃப்டி வால்வும் அதில் கிடையாது. அந்த ஓட்டையை போல்ட் போட்டு அடைத்திருந்தார்கள்.

பிறகு கார்பெட்டைக் கிழித்தோம். வீட்டு ஒயரிங்கில் பவர் பிளக்குக்கு இழுக்கிற 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்! ஒரு கம்ப்ரஸர் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் 40. முன்னால் இருக்கிற பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் ஐந்து மீட்டருக்கு மேல் போகிற இந்த ஒயர் 10 ஸ்கொயருக்குக் குறையவே கூடாது, 16 போட்டால் நிம்மதி. என் ஒயரின் தோல் உருகிக் கார்பெட்டோடு ஒட்டியிருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எங்கேயுமே ஃபியூஸ் இல்லை. இன்ஜின் பக்கத்துத் தகட்டில் துளை போட்டு ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை இழுத்ததில், தகட்டின் விளிம்பு தோலைப் பாதி அறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் அறுத்திருந்தால் வண்டியே எரிந்திருக்கும். இரண்டு கம்ப்ரஸருக்கும் சேர்த்து ஒரே ஒரு 30 ஆம்பியர் ரிலே (கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்துகிற தானியங்கி சுவிட்ச்). அதன் உள்முனை சூட்டில் ஒட்டிக்கொண்டதால்தான் கம்ப்ரஸர் நிற்கவே இல்லை.

டேங்க், கம்ப்ரஸர் எல்லாம் பிளைவுட் பலகையில் மர ஸ்குரூ போட்டு நின்றன. பலகை வண்டியின் தகட்டோடு எந்த இடத்திலும் போல்ட்டாகவில்லை, சும்மா உட்கார வைத்திருந்தது. ஒரு சடன் பிரேக்கில் அவ்வளவு எடையும் பின் சீட்டு முதுகில் வந்து மோதியிருக்கும். சரியான முறை, தகட்டில் துளை போட்டு, அடியில் அகலமான பட்டை வைத்து, லாக் நட்டோடு முறுக்குவது. அரை நாள் கூடுதல் வேலை, அவ்வளவுதான். அந்த நேரத்தை நீல விளக்குக்குச் செலவழித்திருக்கிறார்கள்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். "எங்க ஆளு பண்ண தப்பு, டேங்க் மட்டும் மாத்தித் தரேன்" என்றார். எனக்கு வேண்டாம், என் பழைய ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கொடுங்கள், பழையபடி மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "அதெல்லாம் அப்பவே இரும்புக் கடைக்குப் போயிருச்சே தம்பி." எனக்கு அழுகையே வந்துவிட்டது. கழற்றின கம்பெனி சாமானை அன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள், பட்டறையில் விட்டு வைக்காதீர்கள். நாலு சக்கரத்துக்கும் புதிதாக வாங்கி மாட்ட எனக்கு இன்னொரு பெரிய தொகை போனது.

வக்கீலைப் பார்த்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்றார். 1915-க்குக் கூப்பிட்டும் புகார் கொடுக்கலாம். ஆனால் பில் இல்லாமல் ஜிபே ரசீதை மட்டும் வைத்து நிற்க வேண்டும். அவர் கேட்ட அடுத்த கேள்விதான் கஷ்டமாக இருந்தது. "ஆர்டிஓவில் அனுமதி வாங்கினீங்களா?" பட்டறைக்காரர், "அதெல்லாம் நம்ம ஆளு இருக்காரு, பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பியிருந்தேன். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அன்றைக்கு ரோட்டில் வண்டி எரிந்திருந்தால், சொல்லாமல் செய்த மாற்றம் என்று இன்சூரன்ஸும் கையை விரித்திருக்கலாம். பணம் வாங்குவதற்கு முன் இதைச் சொல்ல வேண்டியது பட்டறைக்காரர் கடமை, தேடிப் பார்த்திருக்க வேண்டியது என் கடமை.

தனியார் இடத்தில் கண்காட்சிக்கு நிறுத்துவதற்காகவே போடுகிறேன் என்கிறவர்களும், கார்பெட் ஒட்டுவதற்கு முந்தின நாள் நேரில் போய் நில்லுங்கள். டேங்க் தகட்டில் இருக்கிற அழுத்த அளவைப் படியுங்கள். ஒயரைக் கையில் பிடித்துப் பாருங்கள், ஃபியூஸ் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸரிலிருந்து வெளியே வருகிற காற்று கொதிக்கும். அந்த இடத்தில் எஃகு வலை போட்ட ஹோஸ்தான் இருக்க வேண்டும், வெறும் நைலான் டியூப் கூடாது. "அதெல்லாம் வேலை முடிஞ்சதும் பாருங்க" என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

போன வாரம் அதே பட்டறையின் புது வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். அதே நீல விளக்கு, அதே பளபளக்கிற கறுப்பு டேங்க். டேங்கின் ஓரத்தில், தகடு இருக்க வேண்டிய இடத்தில், கிரைண்டர் கோடு பெயிண்டுக்கு அடியில் தெரிகிறது. கீழே எழுதினேன், அழித்துவிட்டார்கள். அந்த வண்டி உங்களுடையது என்றால், இன்றைக்கே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, காற்றை மெதுவாக இறக்கி, வடிகால் திருகைத் திறந்து பாருங்கள்.